புதன்கிழமை பம்பர்

கைப்பிடியைச் செருகுகிற ஓட்டையைக் காணவில்லை.

நல்லகாமன் ஜீப்புக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, தலையை இடமும் வலமும் சாய்த்துப் பார்த்தார். கையில் இரும்புக் கைப்பிடி இருந்தது. அதை முன்பக்கம் செருகிச் சுற்றினால்தான் அந்த ராணுவ ஏலத்து ஜீப் ஸ்டார்ட் ஆகும். ஓட்டை இருந்த இடத்தை இப்போது புதிய இரும்பு பம்பர் மறைத்திருந்தது. பம்பரின் நடுவில் விஞ்சு கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

"பாய், இதை எங்கிட்டுச் சொருகுறது?"

சேக் இஸ்மாயில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். கோரிப்பாளையத்தில் முப்பது வருடமாகப் பட்டறை வைத்திருப்பவர். ஓட்டை காணாமல் போனதில் அவருக்கும் ஆச்சரியம்தான்.

"பம்பர் எப்படி இருக்குண்ணே, அதைச் சொல்லுங்க."

"பம்பர் நல்லாத்தான் இருக்கு. வண்டி எப்படிப் போகும்?"

"தள்ளிப் பாப்போம்."

தள்ளினார்கள். நல்லகாமனுக்கு ஐம்பத்தெட்டு வயது, இஸ்மாயிலுக்கு அறுபது. ஜீப் கோரிப்பாளையத்திலிருந்து பாலம் வரைக்கும் போய்த்தான் மனமிரங்கியது.

விஞ்சு மாட்ட வேண்டும் என்ற யோசனை நல்லகாமனுடையது. இரும்புக்கயிறு சுற்றிய உருளை அது. கயிற்றின் முனையைச் சேற்றில் புதைந்த வண்டியில் மாட்டி உருளையைச் சுற்றினால், வண்டி மேலே வந்துவிடும். உசிலம்பட்டியில் அவர் வீட்டுக்கு அந்தாண்டை இருக்கிற கம்மாய்க்கரைப் பாதையில் மழைக்காலத்தில் லாரியும் மாட்டுவண்டியும் புதைந்து நிற்கும். விஞ்சு இருந்தால் ஊரே தன் வீட்டுக் கதவைத் தட்டும் என்று அவர் நினைத்தார்.

அந்தக் கதவை யாரும் தட்டி நாளாகியிருந்தது. மனைவி ஒச்சாயி போய்ச் சேர்ந்து மூன்று வருடம். மகள் வடக்கே பிலாயில் இருந்தாள். பேச்சுக் குரல் வேண்டும் என்பதற்காகவே ரேடியோவில் விவசாயச் செய்தி கேட்பார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுப் பல காலம் ஆகியும், நெல்லுக்கு எப்போது மருந்தடிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

விஞ்சு வந்த அந்த வருடம் மழை பெய்யவில்லை. கம்மாயில் பையன்கள் கிரிக்கெட் விளையாடினார்கள்.

அடுத்த புதன்கிழமை இஸ்மாயில் பம்பரில் ஓட்டை போட்டார். கைப்பிடிக்கு இடம் விட வேண்டுமென்று விஞ்சை வலப்பக்கம் தள்ளி மாட்டினார். கைப்பிடி உள்ளே போனது. வண்டி வலப்பக்கம் சாய்ந்தது.

அதற்கடுத்த புதன்கிழமை வலப்பக்க ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடுதலாக வைத்தார். சாய்வு போனது. ஆனால் மூக்கு மேலே தூக்கிக்கொண்டதால், ஹெட்லைட் வெளிச்சம் ரோட்டை விட்டுப் புளியமரத்து உச்சியில் விழுந்தது.

"ரோட்டுல என்ன கெடக்குன்னு தெரியல பாய். மரத்துல எம்புட்டுக் காக்கா இருக்குன்னு மட்டும் தெரியுது."

"புதன்கிழமை வாங்கண்ணே. பாத்துருவோம்."

இப்படியே ஆறு புதன்கிழமை. ஒவ்வொரு தடவையும் வேலை முடிய மதியமாகிவிடும். சாயிரா பானு மெஸ்ஸிலிருந்து சாப்பாடு வரும். குவைத்தில் இருக்கும் மகன் ஜமீல் அனுப்பிய பேரீச்சம்பழத்தை இஸ்மாயில் ஒரு டப்பாவில் வைத்திருப்பார். தன் குரலைப் பதிந்து ஜமீல் அனுப்பும் கேசட்டையும் போடுவார். "அத்தா, நல்லாருக்கீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று அது கேட்கும். இஸ்மாயில் டேப்புக்குத் தலையாட்டுவார். நாலைந்து தடவை கேட்டபின் நல்லகாமனும் ஆட்டினார்.

பதில் பதிகிற நாளில் இஸ்மாயில் ஒரு சுத்தியலை நீட்டினார்.

"அண்ணே, நான் பேசையில அந்தப் பம்பரை ரெண்டு தட்டுத் தட்டிக்கிட்டே இருங்க."

"எதுக்கு பாய்?"

"பட்டறையில வேலை நடக்குறாப்புல கேக்கணும்ல. இல்லாட்டி குவைத்துக்குக் கெளம்பி வாங்க, கெளம்பி வாங்கன்னு உசுரை வாங்குவான்."

நல்லகாமன் தட்டினார். "பட்டறையில நிக்க நேரமில்லப்பா" என்று இஸ்மாயில் டேப்பில் சொன்னார். பட்டறையில் அந்த ஒரு ஜீப்தான் நின்றது. நல்லகாமன் இரண்டு தட்டு கூடுதலாகவே தட்டிக் கொடுத்தார்.

ஏழாவது புதன்கிழமை அந்த விபரீதம் நடந்தது. எல்லாம் சரியாகிவிட்டது. கைப்பிடி செருகியது, வண்டி நேராக நின்றது, வெளிச்சம் ரோட்டில் விழுந்தது.

"அம்புட்டுத்தாண்ணே. இனிமே நீங்க வர வேண்டிய வேலையே இல்ல" என்றார் இஸ்மாயில், சுத்தமாக இருந்த ஸ்பேனரை மறுபடி துடைத்தபடி.

"ரொம்ப நல்லது பாய்" என்றார் நல்லகாமன். வழியெல்லாம் அழுகை வருகிற மாதிரி இருந்தது. பம்பர் சரியானதற்கு ஒரு ஆண்பிள்ளை அழலாமா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வரை பொறுத்தார். அன்று சாயங்காலம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு அடியில் படுத்தார். பம்பரைத் தாங்கும் நாலு போல்ட்டில் இடப்பக்கத்துக் கீழ் போல்ட்டை மட்டும் தளர்த்தினார். மறுநாள் செக்கானூரணி தாண்டும்போதே பம்பர் கடகடவென்று ஆடியது. கேட்கவே சுகமாக இருந்தது.

"மறுபடி ஆடுதே பாய்" என்று முகத்தைக் கோபமாக வைத்துக்கொண்டார்.

இஸ்மாயில் குனிந்து பார்த்தார். "இடப்பக்கம் ஒண்ணு, வலப்பக்கம் ஒண்ணு. ரெண்டு லூஸு."

நல்லகாமன் திகைத்தார். அவர் தளர்த்தியது ஒன்றுதான். வாரா வாரம் அவர் ஒன்றைத் தளர்த்தினால், பட்டறையில் இரண்டு தளர்ந்திருந்தன. செக்கானூரணி ரோடு அவ்வளவு மோசம் என்று முடிவு செய்துகொண்டார்.

மூன்று மாதம் நன்றாகத்தான் ஓடியது. கெடுத்தவன் லாரி டிரைவர் பேயாண்டி. ஹாரன் மாட்ட வந்தவன் டீயைக் குடித்துக்கொண்டு நின்றான். அன்றைக்குப் பார்த்து நல்லகாமன் நடிப்பைக் கொஞ்சம் கூட்டிவிட்டார்.

"எத்தனை வாரம் பாய் அலையுறது? இதுக்கு ஒரு முடிவே இல்லையா?"

"என்னண்ணே, ஒரு பம்பருக்கா இந்தப் பாடு?" என்றான் பேயாண்டி. "போல்ட்டை வச்சுக்கிட்டு ஏன் மல்லுக்கட்டுறீங்க? சேசிஸோட சேத்து வெல்டிங் பத்த வச்சு விட்டா, வண்டி போனாலும் பம்பர் போகாது. செல்லூர்ல முத்திருளன்னு ஒருத்தன் இருக்கான். நானே சொல்லிட்டுப் போறேன், அடுத்த புதன் வந்துருவான்."

இஸ்மாயிலின் முகம் கறுத்தது. வந்த வாடிக்கையாளர் முன்னால் வேலை தெரியாதவர் மாதிரி நிற்க முடியுமா? "நானும் அதைத்தான் நெனச்சிருந்தேன்" என்றார்.

அலைச்சல் தாங்கவில்லை என்று இப்போதுதான் சத்தம் போட்டவர் வேறென்ன சொல்ல முடியும்? "நல்ல யோசனை" என்றார் நல்லகாமன்.

பேயாண்டி போன பிறகு கேசட்டைப் போடக்கூட யாருக்கும் தோன்றவில்லை. டீ ஆறிப்போனது.

பத்த வைத்துவிட்டால் எந்த ஸ்பேனராலும் ஒன்றும் செய்ய முடியாது. புதன்கிழமையும் மற்ற ஆறு நாள் மாதிரியே ஆகிவிடும். நல்லகாமன் நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. என்ஜினைக் கெடுக்கலாமா என்று யோசித்தார். கெடுத்தால் கோரிப்பாளையம் வரை வண்டி எப்படிப் போகும்? ஜமீலின் அடுத்த கேசட் வந்திருக்கும், போன கேசட்டில் இருமிக்கொண்டே பேசிய அவனுக்கு இருமல் நின்றதா என்று வேறு தெரியவில்லை.

திங்கட்கிழமை பஸ் ஏறினார். கையில் ஒரு பை நிறைய வறுத்த கடலை.

முத்திருளனின் கடை செல்லூரில் தறிச்சத்தம் நடுவில் ஒரு சந்துக்குள் இருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு கேட்டைப் பத்த வைத்துக்கொண்டிருந்தான். நல்லகாமன் பையைப் பெஞ்சில் வைத்தார். அங்கே ஏற்கெனவே ஒரு பேரீச்சம்பழ டப்பா இருந்தது. அதைக் கொஞ்சம் நகர்த்தித்தான் இடம் செய்ய வேண்டியிருந்தது.

"தம்பி, நான் உசிலம்பட்டி. புதன்கிழமை கோரிப்பாளையத்துல ஒரு ஜீப்பு..."

"பம்பரா?"

"ஆமா. நீ வராதப்பா."

முத்திருளன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அவரைப் பார்த்தான்.

"கரண்டு இல்ல, கம்பி இல்ல, என்னத்தையாவது சொல்லிக்க. அடுத்த புதனும் வராத. நான் கேட்டதா மட்டும் பாய்க்குத் தெரிய வேணாம். பாவம், மனுசன் மனசு விட்டுருவாரு."

முத்திருளன் கடலைப் பையைப் பிரித்து, நாலு எடுத்து வாயில் போட்டு, நிதானமாக மென்றான்.

"நான் எங்கண்ணே வரப்போறேன்? காலையிலதான் பாய் வந்து, வந்துறாதப்பான்னு என் கையைப் புடிச்சுக் கேட்டுட்டுப் போறாரு. வலப்பக்கத்துப் போல்ட்டை வாரா வாரம் இறுக்காம விடுறதே அவருதானாம், உங்ககிட்டச் சொல்லிறக் கூடாதாம்."