மான்கட்டியார் வீட்டு ரோஜா

மான்களோடு பேசத் தெரிந்த மனிதர் ஒருவர் தெருக்கோடி வீட்டுக்குக் குடிவந்தார். வந்த மூன்றாம் நாளே அவர் வாசலில் வரிசை நின்றது. பல் டாக்டர் நோயாளியின் வாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடிவந்து நின்றதாகச் சொன்னார்கள். அந்த நோயாளியும் வாயை மூடாமலே பின்னால் வந்து வரிசையில் சேர்ந்துகொண்டாராம்.

தெருவுக்குப் பின்னால் காடு. அந்த வருடம் காட்டில் புல் காய்ந்துபோனது. மான்கள் தெருவுக்கு இறங்கின. தக்காளி, அவரை, கீரை, ரோஜா எதையும் விட்டுவைக்கவில்லை. தெருக்காரர்கள் நகராட்சிக்கு மனு எழுதினார்கள். மனு கிடைத்தது என்று நகராட்சி பதில் எழுதியது. மான்கள் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை.

அப்போதுதான் அவர் வந்தார். மான்களை மந்திரத்தால் கட்டிப்போடுகிறவர் என்று தெரு அவரை மான்கட்டியார் என்றது. கழுத்தில் தினமும் புதிதாகக் கட்டிய பச்சிலை மாலை. கையில் ஒரு சாண் நீள மர முளை, சிவப்புப் பெயின்ட் அடித்தது. அதைத் தோட்டத்தின் நடுவில் அடித்துவிட்டால் மான் அண்டாது. மான் கூட்டத்தின் தலைவரிடம் அவர் பேசி முடித்துவிட்டாராம். எந்த மொழியில் பேசினார் என்று யாரும் கேட்கவில்லை. மான் என்ன சொன்னது என்று மட்டும் கேட்டார்கள்.

"சம்மதம்னு சொல்லிச்சு" என்றார்.

சாதா முளை, குடும்ப முளை, சிறப்பு முளை என மூன்று வகை இருந்தன. சிறப்பு முளைக்கு இரண்டு கோட் பெயின்ட்.

ஒரே ஒரு நிபந்தனை. "பொய் பேசுறவங்க இருக்கற வீட்ல மட்டும் முளை வேலை செய்யாது. மானுக்குப் பொய் வாசனை ஆகாது. மோப்பம் பிடிச்சு வந்து மேஞ்சுடும்."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் தலையாட்டினார்கள். தங்கள் வீட்டில் அந்தப் பிரச்சினை இல்லை என்று ஒவ்வொருவருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

சாட்சிக்கு அவர் வீட்டு முன்புறமே போதும். வேலி கிடையாது. சிவப்பும் மஞ்சளுமாக ரோஜாக்கள். ஓர் இதழ்கூடக் கடிபடவில்லை. பார்க்கலாம், கயிற்றுக்கு அப்பால் நின்று. மூச்சுக்காற்று பட்டால் கட்டு அவிழ்ந்துவிடுமாம்.

தையற்காரம்மாவின் வீட்டுக்காரர் குடும்ப முளை வாங்கிவந்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். பெரிய மீசை. தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது பாடுவார். அன்று முளைக்கும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுத்தார்.

விடிந்ததும் தோட்டத்தில் முளை மட்டும் நின்றது. தக்காளி இல்லை. அவரை இல்லை. முளையை ஒட்டி மான் புழுக்கை கிடந்தது.

டிரைவர் முளையைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"இந்த வீட்ல ரெண்டு பேருதான் இருக்கோம்."

"பரவாயில்லையே, எண்ணிட்டீங்க."

"நான் பொய் பேசறதில்ல."

"சரி."

"அப்ப நீதான்."

அன்றோடு அவர் பேச்சை நிறுத்தினார். காபி வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டினார். ஒரு தட்டு என்றால் காபி. இரண்டு தட்டு என்றால் சர்க்கரை போதாது. ஹாரன் அடித்துப் பழகிய கை.

ஆறு நாள் கழித்து முதல் முழு வாக்கியம் வந்தது. "ஞாயித்துக்கெழமை உண்மைக் கூட்டத்துக்கு உன் பேரைக் குடுத்துட்டேன்."

உண்மைக் கூட்டம் மான்கட்டியாரின் புது ஏற்பாடு. முளை வேலை செய்யாத வீட்டுப் பொய்யர் எல்லார் முன்னாலும் நின்று பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு பரிகார முளை வாங்க வேண்டும்.

"என்னத்த ஒத்துக்கறது?"

"அது உனக்குத்தான தெரியும்."

தையற்காரம்மா மிஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். கால் மிதிக்கவில்லை. கொடுத்த துணியில் மிச்சம் இல்லை என்று அவள் சொன்னால் தெரு நம்பும். அந்த நம்பிக்கையில்தான் அவள் பிழைப்பு. ஊர் முன்னால் பொய்யர் என்று நின்றுவிட்டால் மறுநாளே அவரவர் பழைய ஜாக்கெட்டை எடுத்து அளந்து பார்ப்பார்கள். அதற்குப் பிறகு அவளிடம் யார் துணி கொடுப்பார்கள்?

யோசித்துக்கொண்டிருக்கையில் பல் டாக்டர் ஜன்னலோரம் வந்தார். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"பச்சை நூல் இருக்காம்மா?"

"எதுக்கு டாக்டர்?"

"கோட்ல பட்டன் விட்டுப்போச்சு."

அவர் போட்டிருந்தது வெள்ளைக் கோட்டு. பட்டனும் வெள்ளை. எல்லாம் இருந்தன. அந்த வாரம் பச்சை நூல் கேட்டு வந்தவர்களில் அவர் ஏழாவது ஆள். எல்லாரும் தணிந்த குரலில்தான் கேட்டார்கள்.

சாயங்காலம் காய்கறிக்காரர் கிழிந்த பையைத் தைக்கக் கொடுத்தார்.

"அக்கா, எனக்கு ஒண்ணு புரியல. முளை அடிச்சதுலேர்ந்து எங்க தோட்டம் செழிப்பு, எங்க தோட்டம் செழிப்புன்னு தெருவே சொல்லுது. ஆனா எங்கிட்ட தக்காளி வாங்கறது ரெண்டு மடங்காயிடுச்சு. அதுவும் காம்போடதான் வேணுமாம்."

"காம்போடயா?"

"காம்பு இல்லன்னா தொடமாட்டேங்கறாங்க. நான் என்ன பூங்கொத்தா விக்கறேன்?"

தையற்காரம்மா எழுந்து போய்ப் பக்கத்துச் சுவரில் எட்டிப் பார்த்தாள். பல் டாக்டரின் தோட்டம். செடிகளில் இலை இல்லை. தக்காளி மட்டும் பளபளவென்று தொங்கியது. ஒவ்வொரு காம்பிலும் பச்சை நூல். ஈறு தைத்துப் பழகியவரின் முடிச்சு, நேர்த்தியாக இருந்தது. அவசரத்தில் ஒரு தக்காளியைக் கத்தரிச் செடியில் கட்டிவிட்டிருந்தார்.

ஆக, தெருவில் ஒரு தோட்டம்கூடத் தப்பவில்லை. ஒரு வாய்கூடத் திறக்கவும் இல்லை. திறந்தால் பொய்யர் பட்டம். அந்தப் பயத்தில் தெரு முழுக்கப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மான்கட்டியார் வீட்டு முன்னால் உண்மைக் கூட்டம். அவளைக் கயிற்றை ஒட்டி முன்வரிசையில் நிறுத்தினார்கள். ரோஜா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. இதழில் நீர்த்துளி. அவள் பார்வை தன்பாட்டுக்கு இதழின் ஓரத்துக்குப் போனது. முப்பது வருடப் பழக்கம். நூல் பிரியாமல் இருக்க யாரோ ஓரத்தை மெழுகுவத்தியில் காட்டியிருந்தார்கள். ஓரிடம் விட்டுப்போயிருந்தது. அங்கே சிவப்பு நூல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

சாட்டின் துணி. அதிலும் மட்டமான ரகம், லைனிங்குக்குப் போடுவது.

துணி என்று சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். பொய்யரின் கண்ணுக்குப் பூ துணியாகத்தான் தெரியும் என்பார் மான்கட்டியார். கூட்டம் கைதட்டும்.

"சொல்லும்மா. வீட்ல நீ சொன்ன பொய் என்ன?" என்றார் மான்கட்டியார்.

"ஒண்ணே ஒண்ணுதாங்க. இருபத்தெட்டு வருஷமா சொல்றேன்."

கூட்டம் கழுத்தை நீட்டியது. டிரைவர் மீசையைத் தடவினார்.

"இவரு பாட்டு நல்லாயிருக்குன்னு."

கூட்டம் சிரித்து முடிக்க நேரமானது. டிரைவரின் கை மீசையிலேயே நின்றுவிட்டது.

மான்கட்டியார் சளைக்கவில்லை. "பாத்தீங்களா, மான் அதைத்தான் மோப்பம் பிடிச்சிருக்கு. பொய் வெளிய வந்துடுச்சு. இனிமே இந்த வீடு சுத்தம்."

"ரொம்ப நன்றிங்க. ஒரு வேண்டுதல். ஜன்னலுக்கு உள்பக்கம் ஒரு தொட்டி அவரை வெச்சிருந்தேன். அது ஒண்ணுதான் மிச்சம். உங்க ரோஜாவுக்குப் பக்கத்துல ஒரு ராத்திரி வெச்சு, உங்க கையால ஒரு முளையும் அடிச்சுக் குடுத்தா போதும். காலையில எல்லாருமா வந்து எடுத்துக்கறோம்."

மான்கட்டியார் முகத்தில் ஏதோ அசைந்தது. "பொய் நடமாடின வீட்டுச் செடிம்மா அது."

"வீடு சுத்தம்னு இப்பத்தானே சொன்னீங்க?"

அவர் மேலே பேசுவதற்குள் டிரைவர் எழுந்துவிட்டார். பாட்டு விஷயத்தில் போன மானத்தை வேறெங்காவது மீட்டாக வேண்டும். "ஐயா வீட்ல ஒரு இலை போயிடுமா? போனா என் மீசையை எடுத்துடறேன்" என்றார். ஓடிப்போய்த் தொட்டியைத் தானே தூக்கிவந்து ரோஜாக்களின் நடுவில் வைத்தார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. மான்கட்டியார் முளை அடித்தார். இரண்டு கோட் பெயின்ட் அடித்தது.

மறுநாள் விடிந்ததும் தெரு மொத்தமும் கயிற்றோரம் கூடியது.

தொட்டியில் அவரை இல்லை. விரல் நீளத்துக்கு நாலு குச்சி நின்றது. முளை சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு நாற்காலி. அதில் மான்கட்டியார் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். மடியில் ஒரு தடி. கழுத்தில் மாலை கட்டிய நார் மட்டும் மிச்சம். பச்சிலையை மான் மேய்ந்துவிட்டது. கழுத்தோடு தலை இருந்ததற்குக் காரணம், மான் தாவர உணவு மட்டும் சாப்பிடுகிறது என்பதுதான்.

ரோஜாக்கள் அப்படியே இருந்தன. ஒன்றைத் தவிர. அது சப்பிய அடையாளத்தோடு தரையில் கிடந்தது. கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பியிருக்கிறது.

தையற்காரம்மா கயிற்றைத் தாண்டினாள். எந்தக் கட்டும் அவிழவில்லை. ஈர ரோஜாவை எடுத்து நீட்டிக்கொண்டிருந்த நூலை இழுத்தாள். இதழ் சரசரவென்று பிரிந்து வந்தது. கடைசியில் ஒரு கம்பி மிஞ்சியது.

அந்தச் சத்தத்தில் மான்கட்டியார் விழித்தார். கழுத்தைத் தடவிப் பார்த்தார்.

"ஐயா, ஒரே ஒரு சந்தேகம்" என்றாள் அவள். "முளை இருக்கும்போது தடி எதுக்கு?"

மான்கட்டியார் தடியை நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

"சரி, அதை விடுங்க. பொய் பேசுறவங்க இருக்கற வீட்லதான் மான் மேயும்னு சொன்னீங்க. இந்த வீட்ல யார் யாரு இருக்கீங்க?"

எல்லாருக்கும் தெரியும், அவர் தனிக்கட்டை.

முதலில் பல் டாக்டர்தான் உடைந்தார். "எங்க வீட்லயும் மேஞ்சுடுச்சு. நூல் போட்டுக் கட்டினேன்." அடுத்தவர் "நானும்" என்றார். பிறகு ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டார்கள். எங்கள் வீட்டில்தான் முதலில் மேய்ந்தது என்று இரண்டு பேருக்குள் சண்டையே வந்தது. இரண்டு மாதத்தில் நடந்த உண்மையான உண்மைக் கூட்டம் அதுதான். சந்தடியில் மான்கட்டியார் பின்வழியாகக் காட்டுப் பக்கம் நடந்துவிட்டார். அங்கே அவருக்குப் பேசத் துணை இருக்கிறது என்றார் காய்கறிக்காரர்.

டிரைவர் மீசையில்லாமல் வீட்டுக்கு வந்தார். டம்ளரைத் தட்டப் போன கையை இழுத்துக்கொண்டார்.

"காபி குடும்மா." டம்ளரை வாங்கிக்கொண்டு, "கூட்டத்துல பாட்டைப் பத்திச் சொன்னியே, அது சும்மாதான?"

"எட்டடி உயரத்துக்கு வலை வாங்கணும். சுத்தி வேலி கட்டணும். அதுக்குக் கீழ இருந்தா மான் தாண்டிடும். கம்பு நட நீங்க வாங்க."

"நான் பாடினா மான் பயந்து ஓடாதா?"

"ஓடுதான்னு ஒரு நாள் பாடிப் பாத்துட்டு சொல்லுங்க."

பாடிப் பார்த்தார். மான் நின்று கேட்டது. மென்றுகொண்டே கேட்டது. மறுநாள் வேலி கட்டினார்கள். அதன் பிறகு மான் வரவில்லை. வேலியோடு யாரும் பேசவும் இல்லை, அதற்குத் தண்ணீர் ஊற்றவும் இல்லை.

பிரிந்துபோன அந்தத் துணி ரோஜா இன்னும் மிஷின் மேல் கிடக்கிறது. யாராவது புதிதாக ஒரு மகானைப் பற்றிச் சொல்ல வந்தால், தையற்காரம்மா அதைக் கையில் கொடுத்துவிட்டுத் தைத்துக்கொண்டிருப்பாள். அது பூ இல்லை என்று ஒரே கடியில் கண்டுபிடித்தது மான். மனிதர்களுக்கு இரண்டு மாதம் ஆனது. மானுக்கு உள்ளது ஒரு வாய்தான். நமக்கு அதற்கு மேலே ஒரு மூளையும் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்.