வெள்ளையடித்த அடுப்பு

வேலை கிடைக்காத விஞ்ஞானப் பட்டதாரி எவனும் கொஞ்சக் காலத்தில் கண்டுபிடிப்பாளனாக மாறிவிடுவான். அது இயற்கை விதி. வீட்டில் இருக்கிறவர்கள்தான் கவனமாக இருக்கவேண்டும்.

நான் இரசாயனவியல் படித்துவிட்டு, மட்டக்களப்புக்குத் தெற்கே இருக்கும் களுவாஞ்சிக்குடிக்குத் திரும்பியபோது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. எங்களுக்கு விறகு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையிலிருந்து வரவேண்டும். இராணுவம் தோணித் துறையை மூடிவிட்டால் விறகு இல்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசை. வரிசையின் முன்னுக்குப் போய்ச் சேர்ந்தால் மண்ணெண்ணெயும் இல்லை. ஆனால் என் மாமாவின் (அம்மாவின் அண்ணன்) நெல் ஆலைக்குப் பின்னால் உமி மட்டும் மலையாகக் குவிந்து கிடந்தது. காற்றடித்தால் பக்கத்து வீட்டுச் சோற்றில் விழும். அவர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து ஏசுவார்கள்.

“மாமா, இந்த உமியை எரிபொருளாக்கலாம்” என்றேன்.

“ஆக்கு மருமகன். எரியுதோ இல்லையோ, முதல்ல இந்த இடம் வெளிக்கட்டும்.”

அந்த நாட்களில் சிறுதொழில் செய்கிறவர்கள் புது எரிபொருள், புதுப் பொருட்கள் பற்றி ஆராய்ச்சி செய்வதற்கு அரசாங்கம் உதவிப்பணம் கொடுத்தது. முதல் கட்டம், சிறிய அளவில் செய்து பார்ப்பது. செய்ததைக் கொழும்பிலிருந்து வரும் நிபுணருக்குக் காட்டவேண்டும். அவர் தலையசைத்தால் இரண்டாம் கட்டம்: அழுத்தும் இயந்திரம், கொட்டகை, வேலையாட்கள். ஆலையின் பெயரில் விண்ணப்பித்தோம். யாரும் எதிர்பார்க்காத விதமாக முதல் கட்டம் கிடைத்துவிட்டது. அன்றிலிருந்து மாமா நெல் குத்த வருகிறவர்களிடமெல்லாம், “நம்மட மருமகன் உள்ளுக்கு ஆராய்ச்சி செய்றார், சத்தம் போடாதீங்க” என்று சொல்லத் தொடங்கினார். (ஆலை இயந்திரம் போடும் சத்தத்தில் அவர் சொன்னது யாருக்கும் கேட்டிருக்காது.)

உள்ளுக்கு நான் உமியை இடித்து, மரவள்ளிக் கஞ்சியில் பிசைந்து, குழாய்த் துண்டுக்குள் வைத்து அழுத்திக் கட்டிகள் செய்துகொண்டிருந்தேன். அவற்றை எரிக்கத் தனியாக ஓர் அடுப்பும் செய்தேன். களிமண்ணோடு உமிச் சாம்பலைக் கலந்து பிடித்தால் சுவர் சூட்டை வெளியே விடாது. அந்த அடுப்பு மாமியின் குசினியில் மாதக்கணக்காக எரிந்தது. என்னைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லிப் பழக்கமில்லாத மாமியே, “அடுப்பு பிழையில்ல” என்றார்.

இந்த ஆராய்ச்சியில் எனக்கு இன்னொரு அக்கறையும் இருந்தது. அதன் பெயர் புவனா. மாமாவின் மகள், எனக்கு மச்சாள், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆசிரியை. எங்கள் பகுதியில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். மாமா அடிக்கடி கூரையைப் பார்த்து, “வாற மாப்பிள்ளைக்கு நிலையா ஒரு தொழில் வேணும்கா” என்று சொல்லிக்கொள்வார். கூரைக்குக் கல்யாணம் பேசவில்லை என்பது எனக்கு விளங்கியது. அரசாங்கத்தின் இரண்டாம் கட்டம்தான் எனக்கும் இரண்டாம் கட்டம்.

நிபுணர் வரப்போகிறார் என்று செய்தி வந்தது. மாமியின் குசினி அடுப்பைத் தூக்கி வெளியே வைத்தேன். புவனா அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

“இதையா மச்சான் கொழும்பு ஆக்களுக்குக் காட்டப் போறீங்க? கரிச்சட்டி மாதிரி இருக்கு.”

எனக்கு ரோசம் வந்துவிட்டது. உடனே புது அடுப்புச் செய்தேன். மாரிகாலம். வெயில் என்ற ஒன்று ஊரிலேயே இல்லை. கொட்டகைக்குள் வைத்து உலர்த்தி, மேலே வழவழவென்று சுண்ணாம்பு பூசினேன். புவனா அதில் நீல நிறத்தில் தாமரைப்பூ வரைந்தாள். தொட்டுப் பார்த்தால் காய்ந்திருந்தது. சுவருக்குள்ளே ஈரம் இருக்கும், சூடானால் அது ஆவியாகும், ஆவி வெளியே போக வழி தேடும் என்பதெல்லாம் எனக்கு நினைவே வரவில்லை. (அந்த வாரம் அவள் வகுப்பில் நடத்திய பாடமே நீராவிதானாம். ஆகவே குற்றம் யாருடையது என்ற வழக்கு எங்கள் வீட்டில் இன்னும் நிலுவையில் இருக்கிறது.)

காட்சி நடந்தது ஒரு பொது மண்டபத்தில். கிராமத்துப் பெரியவர்கள், மாதர் சங்கத்தினர், ஆலைக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நிபுணர் மெலிந்த சிங்களவர். ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் பத்திரமாக எடுத்து வைத்துப் பேசினார். அடுப்பைப் பார்த்தவுடன், “பூ... மிக அழகு” என்றார். நான் புவனாவைப் பார்த்தேன். புவனா மாமாவைப் பார்த்தாள். மாமா கூரையைப் பார்த்தார்.

புவனா கட்டிகளை மூட்டித் தேநீருக்குக் கேத்திலை வைத்தாள். அழகாகப் பற்றிக்கொண்டது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, மனப்பாடம் செய்த உரையைத் தொடங்கினேன்.

“பெரியோர்களே, இந்த அடுப்பின் விசேஷம் என்னவென்றால், இது தன் சக்தி முழுவதையும் வெளியே விடாமல் உள்ளேயே அடக்கி...”

டமார்!

அந்தக் காலத்தில் சத்தம் கேட்டால், என்ன சத்தம் என்று எங்கள் ஊரில் யாரும் விசாரிப்பதில்லை. முதலில் படுப்பது, மறுகாதான் விசாரணை. கண் மூடித் திறப்பதற்குள் மண்டபமே தரையில் கிடந்தது. மாதர் சங்கத் தலைவி வாங்குப் பலகைக்குக் கீழே. மாமா வேட்டியை ஒரு கையாலும் கடவுளை மறு கையாலும் பிடித்தபடி குப்புற. நிபுணர் மேசைக்குக் கீழே. ஆனால் அவருக்கு முன்பே அங்கே ஒருவன் போய் இடம் பிடித்திருந்தான். அது நான்தான். அடுப்பைச் செய்தவன், எரித்தவன், எல்லோருக்கும் முதலில் ஒளித்தவன்.

நின்றுகொண்டிருந்தது புவனா மட்டும். முகம் முழுக்கச் சாம்பல், கையில் தேயிலை வடி. குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தாள்.

“மச்சான், வெளிய வாங்க. வெடிச்சது உங்கட அடுப்பு.”

நான் வெளியே வருவதற்குள், சந்தியில் காவல் நின்ற இராணுவத்தினர் ஓடி வந்துவிட்டார்கள். துப்பாக்கிகள் எங்களை நோக்கி நீண்டன. அந்தக் கணத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அப்படி ஒரு சத்தத்துக்குப் பிறகு என்னவெல்லாம் நடக்கும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மாமா மெல்ல எழுந்து எனக்கும் புவனாவுக்கும் முன்னால் வந்து நின்றார்.

அப்போது மேசைக்குக் கீழேயிருந்து நிபுணரின் குரல் வந்தது. “லிப! லிப!”

சிங்களத்தில் லிப என்றால் அடுப்பு. மனிதர் தவழ்ந்து வெளியே வந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, உமி, களிமண், ஆவி என்று எல்லாவற்றையும் சிங்களத்தில் விளங்கப்படுத்தினார். நான் படிக்கும் காலத்தில் இவ்வளவு தெளிவான விரிவுரையைக் கேட்டதில்லை. மூத்த சிப்பாய் ஒருவர் தரையில் கிடந்த துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அரைத் தாமரைப்பூ. அவருடைய உதடு ஒரு பக்கம் கோணியது. பிறகு சிரித்தார். மண்டபம் மூச்சு விட்டது.

கேத்தில் ஒரு மூலையில் நெளிந்து கிடந்தது. நல்ல காலம், தண்ணீர் சூடாவதற்கு முன்பே வெடித்ததால் யாருக்கும் ஒரு கொப்புளமும் இல்லை. புவனா யாரையும் கேட்கவில்லை. கொல்லையில் கிடந்த செங்கற்களைக் கொண்டுவந்து அடுக்கினாள். சிதறிய கட்டிகளைப் பொறுக்கி மூட்டினாள். அவை எதுவுமே நடக்காதது போல எரிந்தன. வந்தவர்கள், படுத்தவர்கள், துப்பாக்கியோடு நின்றவர்கள் எல்லோருக்கும் தேநீர் கிடைத்தது.

நிபுணர் குடித்து முடித்து என் தோளில் தட்டினார். “எரிபொருள் நல்லது. அடுப்பு... நன்றாகக் காய வேண்டும். சுண்ணாம்பு வேண்டாம்.” போகும்போது திரும்பி, “பூ போடலாம்” என்றார்.

இரண்டாம் கட்டம் கிடைத்தது. இரண்டும் கிடைத்தன. கல்யாணத்தன்று யாரோ வாசலில் சீன வெடி கொளுத்த, மாப்பிள்ளை மணவறையை விட்டு எழுந்து ஓடிவிடுவார் என்று புவனாவின் தோழிகள் என் சால்வையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

சில வருடங்கள் கழித்து, நாங்கள் செய்த அடுப்புகள் மட்டக்களப்புச் சந்தையிலும் விற்பனைக்கு வந்தன. ஒரு நாள் நானும் புவனாவும் ஒன்றும் தெரியாதவர்கள் போல ஒரு கடையில் நின்று விலை கேட்டோம்.

“இது வெடிக்காதா அக்கா?” என்றேன், வேண்டுமென்றே.

கடைக்கார அம்மா ஆறுதலாகச் சிரித்தார். “இல்ல தம்பி, பயப்படாம எடுங்க. அந்த ஆள் முதல் முதல் செய்ததுதான் வெடிச்சது. பாவம், அதிலயே ஆள் முடிஞ்சிட்டாராம்.”

புவனா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஓம் அக்கா, கேள்விப்பட்டன். நல்ல மனிசன்” என்றாள்.

இன்றைக்கும் தேங்காய் துருவவோ கிணற்றில் தண்ணீர் அள்ளவோ ஆள் தேவைப்பட்டு, நான் பத்திரிகைக்குப் பின்னால் அசையாமல் இருந்தால், என் பிள்ளைகள் குசினியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்கள்:

“அம்மா, அவரைக் கூப்பிடாதீங்க. அவர் அப்பவே முடிஞ்சிட்டார்.”