கழற்ற முடியாத பம்பர்

எனக்குக் கோபம் வந்தால் வெல்டிங் நன்றாக வரும். பெருமைக்குச் சொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன். சந்தோஷமாக இருக்கிற நாளில் என் ஒட்டு கோணல்மாணலாகத்தான் போகும். யாராவது வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டால் போதும், தையல் மெசினில் அடித்த மாதிரி நேராக ஓடும். இருபத்திரண்டு வயதில் அப்பாவின் லொறிக்கு நான் செய்த பம்பர், முழுக்க முழுக்கக் கோபத்தில் ஒட்டியது. அதனால்தான் அது அவ்வளவு உறுதி. அதனால்தான் நாங்கள் அவ்வளவு நாசமாய்ப் போனோம்.

அப்பாவிடம் ஒரு பழைய ஜப்பான் லொறி இருந்தது. நானுஓயாப் பக்கம் மரக்கறி ஏற்றிக்கொண்டிருந்தவருக்கு, அந்த வருஷம்தான் எங்கள் தோட்டத்து மலையிலிருந்து ஸ்டோருக்குப் பச்சைக் கொழுந்து கொண்டுபோகும் வேலை கிடைத்தது. (ஸ்டோர் என்றால் தேயிலை அரைக்கிற இடம். கடை என்று நினைத்துக்கொண்டு சாமான் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள்.) மலை வேலையைப் பார்க்கிற கண்டாக்கு ஐயா, "ஒரு மாசம் பாப்போம் மாரிமுத்து. கொழுந்து நேரத்துக்குப் போய்ச் சேந்தா வேலை ஒனக்குத்தான்" என்று சொல்லியிருந்தார். சாக்கில் அடைத்த கொழுந்து நேரமானால் சூடேறிச் சிவந்துவிடும். அப்புறம் அதை மாடுகூடத் தின்னாது.

இந்த நேரத்தில்தான் லொறியின் பம்பர் ஒரு மண்மேட்டில் மோதி நெளிந்து தொங்கியது. அப்பா கராஜுக்குப் போகலாம் என்றார். "நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். டிக்கோயாப் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தில் வெல்டிங் கோர்ஸ் முடித்து அப்போதுதான் வந்திருந்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். ஆறு மாதமும் அந்தத் தடியன்கள், "தங்கச்சி, தேத்தண்ணி ஊத்திட்டு வாயேன்" என்று என்னைத்தான் ஏவினார்கள். அந்த ஆத்திரம் அப்படியே உள்ளே கிடந்தது.

லயம் என்கிற தோட்டத்து வீட்டு வரிசையின் கோடியில், எங்கள் வாசலிலேயே வேலையை ஆரம்பித்தேன். டீவி வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, லொறி மூக்கில் வைத்து அளவெடுத்தேன். அப்பா கேட்டது ஒரு சாதாரண இரும்புப் பட்டை. நான் போட்ட திட்டம் வேறு. கீழே 'ப' வடிவத்தில் கனமான சனல் இரும்பு, அதன் மேல் கண்ணாடி வரைக்கும் எழும்புகிற பைப்புக் கூண்டு. லைட்டுக்கு வளையம், நடுவில் ஒரு சூலம். கெபினுக்கும் கூண்டுக்கும் நடுவே விரல்கூட நுழையாது. (இதை நான் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.)

நான் ஒட்டு வைக்கும்போதெல்லாம் லயம் முழுக்கக் கரண்டு மங்கும். பக்கத்து வீட்டு அக்கா கத்துவார்: "அடியே, மாமியா செத்தாளா பொழைச்சாளான்னே தெரியல! நாடகம் முடியட்டும்டீ!" நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் சேவியர் பாஸ் வந்தார். லிந்துலைச் சந்தியில் கராஜ் வைத்திருப்பவர்; மெக்கானிக்கை எங்கள் பக்கம் பாஸ் என்போம். வேலை தனக்கு வரவில்லையே என்று பார்க்க வந்தவர், கூண்டைத் தட்டிப் பார்த்து என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாப்பா, பொம்பளப் புள்ள ஒட்டுன ஒட்டு மொதப் பள்ளத்துலயே விழுந்துரும். போல்ட்டாவது போட்டு முறுக்கு."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. போல்ட்டாம்! அவர் தெருமுனை தாண்டுவதற்குள் துளை போட்டு முறுக்க வைத்திருந்த போல்ட்டு எல்லாவற்றையும் வாளியில் வீசினேன். பம்பரை லொறியின் அடிச்சட்டமான சேசியோடு சேர்த்து ஒட்டினேன். மேலே ஒரு சுற்று, கீழே ஒரு சுற்று, "விழுந்துரும்" என்ற சொல்லுக்காகத் தனியாக ஒரு சுற்று. அப்பா பக்கத்தில் வந்து, "ஏம்மா, பின்னால கழட்டணும்னா?" என்று மெதுவாகக் கேட்டார். "எதுக்குக் கழட்டணும்? என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவர் போய் லொறிக்குச் சாம்பிராணி காட்டினார்.

அடுத்த நாள் நானும் லொறியில் ஏறிக்கொண்டேன். சேவியர் பாஸின் கராஜைத் தாண்டும்போது ஹோர்னை அடிக்கச் சொன்னேன். (மூன்று தரம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.) மலையில் பகல் கொழுந்தை நிறுத்து முடித்ததும் சாக்குகளை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். ஸ்டோருக்கு இரண்டே வளைவு. மேட்டில் லொறி ஒரு பெருமூச்சு விட்டது. முன்னால் குபுகுபுவென்று ஆவி.

"தண்ணி ஓஸ்தான் வெடிச்சிருக்கு" என்றார் அப்பா நிம்மதியாக. "வேற ஓஸ் கைவசம் இருக்கு. பத்து நிமிச வேலை."

அந்த வகை லொறிக்கு எஞ்சின் இருப்பது சீட்டுக்கு அடியில். கெபினை அப்படியே முன்பக்கமாகச் சாய்த்தால்தான் அதில் கை வைக்க முடியும். பிறந்ததிலிருந்து அப்பா அப்படிச் சாய்ப்பதை நூறு தரமாவது பார்த்திருப்பேன். அவர் கொக்கியை எடுத்துவிட்டுத் தள்ளினார். கெபின் ஒரு சாண்கூடச் சாயவில்லை, "டக்" என்று என் கூண்டில் போய் முட்டி நின்றது.

இன்னொரு தரம் தள்ளினார். டக்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் சூலத்தைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன். அப்பா ரோட்டில் படுத்துக் கீழே இருந்து கையை விட்டுப் பார்த்தார். எட்டவில்லை, முழங்கை வெந்ததுதான் மிச்சம். நான் அரத்தால் ஒட்டைத் தேய்த்தேன். அரம் தேய்ந்தது, ஒட்டு மினுமினுத்தது. காலால் உதைத்தேன்; செருப்பு அறுந்தது. பின்னால் வந்த பஸ்காரன் இறங்கி வந்து பார்த்துவிட்டு, "எவன் செஞ்சான் இந்தக் கண்றாவிய?" என்று சிங்களத்தில் கேட்டான். எனக்குச் சிங்களம் தெரியாத மாதிரி நின்றேன்.

சேவியர் பாஸைக் கூப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. அப்பாதான் போன் எடுத்தார். அதற்குள் கண்டாக்கு ஐயா மோட்டார் சைக்கிளில் வந்து ஒரு சாக்குக்குள் கையை விட்டார். உடனே இழுத்துக்கொண்டார். உள்ளே அடுப்புச் சூடு.

"எவன்யா ஒட்டுனது இதை?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: "நான்தாங்க ஒட்டச் சொன்னேன். தப்பு என்னோடதுங்க."

அந்த நிமிஷம்தான் என் கோபமெல்லாம் திரும்பி என் மேலேயே பாய்ந்தது. சேவியர் பாஸ் மேல் இல்லை, பஸ்காரன் மேல் இல்லை. அந்த மனுஷன் முழங்கை வெந்து நிற்கிறார், எனக்காகக் கை கட்டி நிற்கிறார். நான் அறுந்த செருப்போடு ஊமை மாதிரி நிற்கிறேன்.

சேவியர் பாஸ் காஸ் கட்டரோடு ஓட்டோவில் வந்தார். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். நான் ஏச்சுக்குத் தயாராக நின்றேன்.

"ஒட்டுல கை வச்சா சேசி போயிரும். கூண்டைத்தான் அறுக்கணும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நல்லாத்தான் ஒட்டியிருக்க பாப்பா. போல்ட்டு போட வேண்டிய எடத்துல" என்றார்.

இதைவிட அவர் என்னைக் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

சூலத்தோடு சேர்ந்து கூண்டு ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் விழுந்தது. கெபின் சாய்ந்தது. ஓஸ் மாற்றப் பத்தே நிமிஷம். ஆனால் அன்றைய கொழுந்து முழுவதும் சிவந்து போனது. மறுநாளிலிருந்து வேறு லொறி வந்தது. அப்பா மறுபடியும் லீக்ஸ், கோவா என்று மரக்கறி ஏற்றப் போனார்.

என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு வாரம் கழித்து நானே போய், "ஏசித் தொலைங்களேன்ப்பா!" என்று கத்தினேன். "சாப்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஐந்து வருஷம் அந்தப் பம்பரைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. நானும் சும்மா இல்லை. ஹட்டனில் சொந்தமாகப் பட்டறை போட்டேன். எது செய்தாலும் போல்ட்டுத்தான்.

பிறகு எனக்குக் கல்யாணம். கோயிலில் மேளம் உச்சத்தில். மாப்பிள்ளை தாலியை எடுத்து முதல் முடிச்சுப் போட்டார், இரண்டாவது போட்டார், மூன்றாவதும் போட்டார். மேளம் நின்ற அந்த ஒரு நொடியில் அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"மாப்ள, முடிச்சோட நிறுத்திக்கங்க. இவ ஒட்டச் சொல்லுவா. ஒட்டிராதீங்க."

கோயிலே அதிர்ந்தது. முன்வரிசையில் சேவியர் பாஸ் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். ஐயர்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் வீட்டில் இன்றைக்கும் எந்தக் கல்யாணம் நடந்தாலும், மூன்றாவது முடிச்சுக்கு யாராவது ஒருத்தர் "ஒட்டிராதீங்க" என்று கத்தாமல் விடுவதில்லை.

என் கல்யாண ஆல்பத்தில் அந்த நொடியைப் பிடித்த படம் இருக்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள், மணப்பெண் மட்டும் அப்பாவை முறைத்துக்கொண்டு அழுகிறாள். பிறந்த வீட்டைப் பிரிகிற துக்கம் என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். ஒரு மண்ணும் இல்லை. ஐந்து வருஷம் கழித்து ஒருவழியாக என்னை ஏசிவிட்டார்.