அக்கா நலங்கில் நான் பாடிய ராப்

ரகசியம் சொல்ல ஆள் வேண்டுமென்றால் திக்குவாய்க்காரனைத் தேடிப் பிடியுங்கள். அவன் அதை வெளியே சொல்வதற்குள் கேட்பவருக்குப் பேத்தி பிறந்துவிடும். என் அக்கா வசந்தி இந்தக் கணக்குப் போட்டுத்தான் தன் காதலை என்னிடம் மட்டும் சொன்னாள். கணக்கு சரிதான். அதில் ஹிப் ஹாப் வந்து சேரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா பாதுகாப்புத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை செய்தார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். காதல் கல்யாணம் என்ற பேச்சை எடுத்தாலே பக்கத்து பிளாக் வரை கேட்கிற மாதிரி இருமுவார். எதிர்வீட்டுப் பெண் ஒருத்தி காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டாள் என்பதற்காக, அவளுடைய அப்பாவோடு சேர்ந்து ஷிப்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டு வேறு பாதையில் போனவர்.

அக்கா டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போகும்போது துணைக்கு என்னை அனுப்புவார்கள். வகுப்பு வாசலில் சேகர் நிற்பார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை, வீடு கோவில்பதாகை. அக்கா முடித்து வந்ததும் இருவரும் பேசிக்கொண்டே நடப்பார்கள். நான் பின்னால் கல்லை உதைத்துக்கொண்டு போவேன். என் வாய் திறக்காமல் இருக்க (அது தானாகவே திறக்காது என்பது அவருக்குத் தெரியாது) சேகர் ஒரு லஞ்சம் ஏற்பாடு செய்தார். அவருடைய நண்பன் ஒருவன் கப்பலில் வேலை பார்த்தான். அவன் கொண்டுவந்த ஒரு கேசட், அட்டை கிடையாது, பெயர் கிடையாது, என் கைக்கு வந்தது.

வீட்டு டூ-இன்-ஒன்னில் அதைப் போட்டேன். யாரோ ஒருவன் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போனான். பாடவில்லை, பேசினான். பின்னால் டம் டம் என்று ஒரு அடி. ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பள்ளிக்கூடத்தில் வருகைப்பதிவு எடுக்கும்போது “உள்ளேன் ஐயா” என்பதில் “உ”வைத் தாண்டுவதற்குள் அடுத்த இரண்டு பெயர்கள் போய்விடும் எனக்கு. இவன் பேச்சில் ஒரு தடங்கலும் இல்லை. அந்த அடி அவனைத் தள்ளிக்கொண்டே போயிற்று.

தனியாக இருக்கும்போது அவன் கூடவே முணுமுணுத்தேன். தொடையில் தட்டிக்கொண்டே சொன்னேன். வந்தது. என் வாயிலிருந்து திக்காமல் வந்த முதல் நீளமான வாக்கியம் எனக்கே புரியாத மொழியில் இருந்தது. பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், அவ்வளவு சந்தோஷம். அதன் பிறகு கேசட் தேயும்வரை கேட்டேன். வகுப்பில் யாராவது என்னைப் போலவே பேசிக் காட்டிச் சிரித்தால், வீட்டுக்கு வந்து ஒரு பக்கம் முழுக்கக் கேட்பேன். மனம் ஆறிவிடும். சைக்கிளில் எஸ்டேட் ரோட்டில் போகும்போது தமிழில் நானே வரி கட்டிச் சொல்லிப் பார்ப்பேன். எதிரே வந்தவர்கள் எனக்குப் பேய் பிடித்துவிட்டதாக அம்மாவிடம் சொன்னார்கள். அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தைச் சுற்றிப் போட்டாள். (பேய் போகவில்லை. நல்லவேளை.)

இதற்கிடையில் அக்காவும் சேகரும் ஒரு பெரிய நாடகம் நடத்தி முடித்தார்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஒருவரைப் பிடித்து, வரனாகவே வீட்டுக்கு வரவழைத்தார்கள். ஜாதகமும் எப்படியோ பொருந்திவிட்டது. பெண் பார்க்க வந்த அன்று அக்கா காபியை நீட்டி, “உங்களுக்கு சர்க்கரை போடலாமா?” என்று தரையைப் பார்த்துக் கேட்டாள். சேகர் முகம் சிவந்து, “போடலாங்க” என்றார். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. அப்பா அன்று முழுக்க, “நான் பார்த்த மாப்பிள்ளை” என்று பிளாக் பிளாக்காகப் போய்ச் சொன்னார். விஷயம் தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று அக்கா தன் தலையில் என்னை அடிக்கவைத்துச் சத்தியம் வாங்கினாள்.

கல்யாணத்துக்கு முந்தைய சாயங்காலம் மண்டபத்தில் நலங்கு. மாப்பிள்ளை வீட்டு வழக்கப்படி இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, சந்தனம் பூசி, தேங்காய் உருட்டி, இரண்டு பக்கத்தாரும் ஒருவரையொருவர் கேலி செய்து பாட வேண்டும். அவர்கள் பக்கம் பாட வந்தவர் சேகரின் அத்தை அஞ்சலை. மைக் தேவையில்லாத குரல்.

“கோதும மாவுல பொண்ணு செஞ்சாங்கோ, கொஞ்சூண்டு உப்பு போட மறந்தாங்கோ” என்று ஆரம்பித்தார். எங்கள் வீட்டு காபி, எங்கள் அப்பாவின் மீசை, எங்கள் சீர்த்தட்டு வாழைப்பழம், எதையும் விடவில்லை. அவர்கள் பக்கம் ஒரே சிரிப்பு.

“இன்னா, பொண்ணூட்டுக்காரங்களுக்கு வாயி கெடயாதா?” என்றார் அத்தை கடைசியில்.

எங்கள் பக்கம் குவார்ட்டர்ஸ் பெண்கள். அவர்களுக்குத் தெரிந்தது வெள்ளிக்கிழமை பஜனை. பஜனையில் யாரையும் கேலி செய்ய முடியாது. அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அக்கா தலை குனிந்திருந்தாள். என் காது சூடானது. ஒருவன் இன்னொருவனை மேடையில் வார்த்தையால் வாருவது, கூட்டம் ஆர்ப்பரிப்பது, இதுதானே என் கேசட்டில் நடப்பது? சேகரின் அந்தக் கப்பல் நண்பன் எனக்கு விளக்கிச் சொல்லியிருந்தான். அதற்கு ஒரு விதியும் உண்டாம்: அடிக்கிற அடி நிஜமாக இருக்க வேண்டும், அப்போதுதான் வலிக்கும்.

காலியான தாம்பாளம் ஒன்றை எடுத்துத் தட்டினேன்.

“லேத்துல கடைஞ்சதுபோல் மாப்பிள்ளை மூக்கைப் பாரு,
ஸ்கூட்டர் ஓட்டப் போயி சாக்கடையில் உழுந்தாரு,
எழுந்து சேத்தோட எங்க தெருவுல நின்னாரு,
எருமைமாட்டைப் பார்த்துட்டு எங்கண்ணான்னு சொன்னாரு”

மண்டபம் வெடித்தது. எங்கள் பக்கம் விசில். குவார்ட்டர்ஸ் பெண்கள் தாளத்துக்குக் கை தட்டினார்கள். அஞ்சலை அத்தையே தொடையில் அடித்துச் சிரித்தார். நான் திக்கவில்லை. அத்தனை பேர் முன்னால், ஒரு எழுத்துகூட. எனக்கு வானத்தில் பறப்பதுபோல இருந்தது. நிறுத்துவேனா? அடுத்த வரிக்கு நிஜம் ஒன்று வேண்டும். கையில் இருந்த பெரிய நிஜம் ஒன்றுதான்.

“பொண்ணு பார்க்க வந்தன்னிக்குப் புதுசு மாதிரி நின்னாரு,
டைப்பு கிளாஸு வாசலுல தினம் தினம் நின்னாரு,
மழையிலும் நின்னாரு, வெயிலிலும் நின்னாரு,
வாட்ச்மேன் வீட்டுக்குப் போனாலும் எங்க மாமா நின்னாரு”

கைதட்டல் நின்றுவிட்டது எனக்குத் தெரியவில்லை. இன்னும் இரண்டு முறை “நின்னாரு, நின்னாரு” என்று தாம்பாளத்தைத் தட்டிய பிறகுதான், மண்டபத்தில் என் சத்தம் மட்டும் கேட்பதை உணர்ந்தேன். அக்காவின் முகத்தில் சந்தனத்துக்கு அடியில் ரத்தமே இல்லை. சேகர் தேங்காயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்பா எழுந்தார்.

“ஏல, என்னல சொன்ன? எந்த வாசல்ல?”

நான் வாயைத் திறந்தேன். “அ... அ... அ...” என்று அங்கேயே நின்றேன். பீட் போனதும் பேச்சும் போய்விட்டது.

சேகரின் அப்பாவும் எழுந்துவிட்டார். “டேய் சேகரு, பையன் சொல்றது நெசமா?” என்றார். விடிந்தால் தாலி. நான் ஒரு தாம்பாளத்தைத் தட்டி அதை நிறுத்திவிட்டேன்.

அப்போது அஞ்சலை அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடுவில் வந்தார்.

“இன்னாத்துக்கு ரெண்டு பேரும் எழுந்துகினு கீறீங்க? நலங்குல பாட்றது அல்லாம் பொய்யி. அதான் வழக்கம்.” பிறகு எங்கள் அப்பாவிடம் திரும்பினார். “நான் உங்க பொண்ண உப்பில்லாத மாவுன்னு பாட்னேன். அது நெசமா?”

“அது எப்படிம்மா நெசமாகும்?” என்றார் அப்பா, ரோஷமாக.

“அப்ப இதுவும் பொய்யி. இல்ல, இது நெசம்னு சொன்னா அதுவும் நெசம். எது வோணும், நீயே சொல்லு அண்ணாத்தே.”

அப்பா யோசித்தார். ஐந்நூறு பேர் முன்னால் பெற்ற பெண்ணை உப்பில்லாத மாவு என்று ஒப்புக்கொள்ள எந்தத் தகப்பனால் முடியும்? “பொய்தான்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சேகரின் அப்பாவும் உட்கார்ந்தார். அத்தை அடுத்த பாட்டை இரண்டு மடங்கு சத்தமாக ஆரம்பித்தார். என்னைக் கடந்து போகும்போது மட்டும் காதோரம் குனிந்து, “நான் பஸ்ல போவும்போது அவன் அங்க குடை புடிச்சிகினு நின்னத எத்தினி தபா பாத்துக்கீறேன். வாய மூடிகினு உக்காரு நைனா” என்றார்.

பந்தியில் அப்பா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அடி விழும் என்று தோளை ஒடுக்கிக்கொண்டேன். தன் இலையிலிருந்த ஜாங்கிரியை எடுத்து என் இலையில் வைத்தார்.

“பொய்யின்னாலும் திக்காமச் சொன்னியேல” என்றார். அவர் குரல்தான் கொஞ்சம் திக்கியது.

இன்றும் எங்கள் இரு குடும்பத்திலும் அது பெரியவர்கள் பார்த்து வைத்த கல்யாணம்தான். நான் இன்றும் திக்குகிறேன், இன்றும் ராப் கேட்கிறேன். ஆனால் அன்றிலிருந்து வீட்டில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. நேராகச் சொல்ல முடியாததை யாராவது தட்டிக்கொண்டே சொல்வார்கள். பாட்டில் வந்ததற்கு யாரும் கோபப்படக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது. சேகர் மாமா வேலையை விட்டதை அப்படித்தான் அக்காவிடம் சொன்னார். அம்மா தனக்கு என் மனைவியின் சாம்பார் பிடிக்காது என்பதை அம்மியைத் தட்டிக்கொண்டு சொன்னாள்.

போன தீபாவளிக்கு எல்லோரும் அக்கா வீட்டு ஹாலில் இருந்தோம். அக்கா மகள் உள்ளேயிருந்து ஒரு எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

“மாமா, ஒரு பீட் போடுங்களேன்” என்றாள்.

நான் தட்ட ஆரம்பித்தேன். சேகர் மாமா பேப்பரை மடித்து வைத்தார். அக்கா டிவியை அணைத்துவிட்டு, மகள் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“பையன் பேரை முதல் வரியிலேயே சொல்லிடு” என்றாள்.