ஆள் வருமுன் வந்த கறை

கூட்டமென்றால் கூட்டம், எள் போட்டால் எள் விழாது. பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் ஒரே ஓர் அறை. வரிசையோ படியிறங்கித் தெருமுனை வரைக்கும் போயிற்று. பல்வலிக்காரர்கள்கூடக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இந்த வரிசையில்தான் நின்றார்கள்.

மேலே இருந்தவர் ஒளியார். ஒரு போட்டோ கொடுத்தால் போதும். கம்ப்யூட்டரில் போட்டு, வட்டமாக வெட்டி, தங்க விளிம்பு கட்டி, காசளவில் ஓர் ஐகான் செய்துவிடுவார். போனில் வைக்க ஒன்று. ஒட்டிக்கொள்ள, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் ஸ்டிக்கர் ஒன்று. அழகாகத்தான் இருக்கும். அதோடு விட்டிருந்தால் நல்ல தொழிலாளி என்று நாமும் பாராட்டியிருப்போம். ஆனால் அந்த ஐகானில் கறுப்பாக ஒரு கறை விழும். “நான் போடலை, உங்க விதி போடுது” என்பார். கழுவத் தனிக் கட்டணம். விதிக்கே சலவைக்கடை வைத்த மகான்!

அவரை நம்பியவர்களில் ஒருவர் கணக்கு வாத்தியார். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பின்னம் சொல்லிக்கொடுத்தவர். அவர் மனைவிக்குப் பித்தப்பையில் கல். சாப்பிட்டால் வலி, படுத்தால் வலி. இனித் தள்ளிப்போட்டால் ஆபத்து என்று டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார். வாத்தியார் என்ன செய்தார்? மனைவி போட்டோவை ஒளியாரிடம் நீட்டினார், கறை. டாக்டருக்கே தெரியாமல் டாக்டரைப் போட்டோ பிடித்து நீட்டினார். நெஞ்சில் கறை. ஆஸ்பத்திரிக் கட்டடத்தை நீட்டினார். அதிலும் கறை, அதுவும் ஆபரேஷன் தியேட்டர் இருக்கிற மாடியில்! மனிதருக்குக் குப்பென்று வேர்த்தது. நாளைத் தள்ளிவைத்தார். மனைவி என்றால் அவருக்கு உயிர், அதில் பொய்யில்லை. அந்தப் பயத்தில்தான் புத்தி புல் மேயப் போய்விட்டது.

“கவலைப்படாதே. ஒளியார் கழுவினா வாரத்துக்குப் பாதிக் கறை கரைஞ்சிடுமாம்.”

மனைவி வயிற்றைப் பிடித்தபடி நிமிர்ந்தாள். “பாதி போச்சு, மிச்சத்துல பாதி, அதுல பாதின்னா என்னைக்குங்க முடியும்? நீங்க கணக்கு வாத்தியார்தானே?”

வாத்தியார் பாதி, கால், அரைக்கால் என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

ஜன்னலில் ஒட்டியிருந்த மூன்று ஸ்டிக்கர்களையும் அவள் உரித்தாள். தன்னுடையது, டாக்டருடையது, ஆஸ்பத்திரியுடையது. ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “கிளம்புங்க, நானும் வரேன்” என்றாள்.

மேல்மாடியில் அவள் நேராக ஜன்னலுக்குப் போனாள். “உங்க ஸ்டிக்கரையும் கொஞ்சம் கொடுங்க” என்று நின்றவர்களிடம் வாங்கி, எல்லாவற்றையும் கண்ணாடியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். முகங்கள் கூழாய்க் குழம்பின. கறை மட்டும் ஒன்றே ஒன்று. நடுவில், வாலோடு, தவளைக்குஞ்சு போல.

“எல்லார் விதிக்கும் ஒரே இடம், ஒரே வாலா?”

ஒளியார் சிரித்தார். “ஒரே ஊரு, ஒரே காத்து. கறையும் ஒண்ணாத்தாம்மா இருக்கும்.”

கூட்டம் தலையாட்டியது. தலையாட்ட ஒரு காரணம் கிடைத்தால் போதும்; அதில் அர்த்தம் இருக்கவேண்டும் என்பதுகூடக் கிடையாது.

அப்போது புதுமாப்பிள்ளை ஒருவன் தன் ஸ்டிக்கரை உற்றுப் பார்த்தான். “கல்யாண போட்டோவுல நாங்க ரெண்டு பேரும் தள்ளித் தள்ளி நிக்கிறோம். கறை நடுவுல சுவத்து மேல இருக்கே! அப்போ கெட்ட நேரம் சுவத்துக்கா?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“அந்தக் கம்ப்யூட்டர் திரையை இப்படித் திருப்புங்க” என்றாள் வாத்தியார் மனைவி.

“சக்தி இருக்கிற இடம். தொடக் கூடாது!”

சுருக்கென்று வலி வந்தது அவளுக்கு. மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள், முகமெல்லாம் வெளிறிவிட்டது. வாத்தியார் அந்த முகத்தைப் பார்த்தார். கறை படிந்த ஐகானை அல்ல, முகத்தை. எட்டித் திரையைத் திருப்பினார்.

தங்க வட்டம் பளபளத்தது. உள்ளே முகம் இல்லை. வாலோடு கறை மட்டும் தயாராக உட்கார்ந்திருந்தது.

வரிசையில் அடுத்து நின்ற பெண் தன் கையிலிருந்த போட்டோவைப் பார்த்தாள். “அடப்பாவி! நான் இன்னும் படமே கொடுக்கலையே!”

ஒளியார் அன்றைக்கே கடையைக் கட்டினார். புது விலாசம் எங்கே என்று விசாரித்த புண்ணியவான்களும் இருந்தார்கள்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. எடுத்த கல்லைச் சின்னப் புட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். கட்டிலருகே உட்கார்ந்து அதைப் பார்த்தே வாத்தியார் அழுதுவிட்டார்.

“என்னை மன்னிச்சிடும்மா.”

“அழாதீங்க. பித்தப்பையில இருந்த கல்லை டாக்டர் எடுத்துட்டார்” என்றாள் அவள். “தலையில இருக்கிற கல்லை அவங்கவங்களேதான் எடுத்துக்கணும்.”