லேட்டெக் குறித்த முகூர்த்தம்

“...மேளத்த காணோம், பந்தல காணோம், பொண்ணு இன்னாடான்னா தலையில எண்ணெய தேய்ச்சிகினு குந்தியிருக்குது. இன்னைக்கு இந்த வூட்ல கல்யாணமா, இல்லியா? எனக்கு ஒன்னு தெரிஞ்சாவணும்!”

கேட்டவர் என் தாய்மாமன். ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து டிராக்டரில் சீர்த்தட்டுகளோடும் பங்காளிகளோடும் வந்து, எங்கள் சங்கராபுரம் வீட்டு வாசலில் இறங்கியிருந்தார். எண்ணெய்த் தலையோடு உட்கார்ந்திருந்தது என் அக்கா. கல்யாணம் அவளுக்குத்தான். ஆனால் தை மாதத்தில். அன்றைக்குக் கார்த்திகை பாதிகூடத் தாண்டவில்லை.

நம் ஜனங்கள் கல்யாணப் பத்திரிகையைப் படிப்பதில்லை. தன் பெயர் இருக்கிறதா, யாருக்கு மேலே இருக்கிறது, அதோடு சரி. இந்த உண்மை எனக்கு முன்பே உறைத்திருந்தால், அன்று ஒரு டிராக்டர் டீசலாவது மிச்சமாகியிருக்கும்.

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்த சமயம். கள்ளக்குறிச்சி அச்சகங்களில் எங்கே போனாலும் மனு, நோட்டீஸ், போஸ்டர். “பத்திரிகையா? போராட்டம் முடியட்டுங்க” என்று அப்பாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தையில் பஸ் ஓடுமோ ஓடாதோ, கார்த்திகையிலேயே தாலியைக் கட்டிவிடலாமா என்றுகூட வீட்டில் ஒரு பேச்சு ஓடி, முடிவில்லாமல் நின்றது. மாமாவும் அந்தப் பேச்சில் இருந்தார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். “பத்திரிகையை நானே பண்றேன்பா.”

பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் என்னிடம் இருந்தது. அதில் லினக்ஸ் போட்டிருந்தேன். (ஏன் போட்டாய் என்று கேட்காதீர்கள். பழைய சிஸ்டம் செத்துப் போச்சு, இது சும்மா கிடைச்சுது.) பக்கம் அமைக்கும் மென்பொருள் மட்டும்தான் பாக்கி. மாப்பிள்ளை பார்ப்பது மாதிரி பார்த்தேன். ஒன்று, எழுத்தையும் படத்தையும் கையால் இழுத்து வைக்கும் ரகம். சுலபமாக இருந்ததால் மட்டமாகத் தெரிந்தது. இன்னொன்று, எல்லோரும் வைத்திருப்பது. எல்லோரும் வைத்திருப்பதாலேயே வேண்டாம் என்றேன். மூன்றாவது லேட்டெக். விஞ்ஞானிகள் கட்டுரை எழுதுவது இதில்தானாம். தலைப்பு இது, பெயர் இது என்று கட்டளையாக எழுதிக் கொடுத்தால் போதும், பக்கத்தை அதுவே அடுக்கித் தரும். அக்கா கல்யாணத்துக்கு விஞ்ஞானியே வந்த மாதிரி இருக்கட்டுமே என்று அதையே பிடித்தேன்.

முழுசாக இறக்க என் போன் டேட்டா ஒரு வாரம் போதாது. அதனால் சின்னதை இறக்கினேன். எங்கள் வீட்டில் சிக்னல் வருவது மொட்டை மாடியில், கல்வராயன் மலையைப் பார்த்த மூலையில் மட்டும். அங்கே வெயிலில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு துண்டு இறங்கினால், அது இல்லை என்று இன்னொன்றைக் கேட்கும். அதையும் கொடுத்தால் வேறொன்று. சம்பந்தி வீட்டார் தோற்றார்கள். கடைசியில் ஒருவழியாகப் பக்கம் வந்தது. தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் கட்டம் கட்டமாக வெறும் டப்பா.

அம்மா எட்டிப் பார்த்தாள். “இன்னாடி இது, ஜன்னல் கடை விளம்பரமா?”

அழுகை வந்தது. லேட்டெக்கிலேயே தமிழ் தெரிந்த வேறு ரகம், வேறு எழுத்துரு, ‘மொழி: தமிழ்’ என்று ஒரு கட்டளை. மறுநாள் காலையில் திரையில் தமிழ் வந்தபோது பிரசவ அறை வாசலில் நிற்கும் அப்பன் மாதிரி கத்தினேன். மேலே தலைப்பு, அடியில் மணமக்கள் பெயர், அதற்கும் அடியில் பெரிதாக, நான் கேட்காமலே, அழகான தமிழில் ஒரு தேதி. முகூர்த்தத் தேதியும் நேரமும் கீழே பத்தியில் சரியாக இருந்தன. மேலே இருப்பது அச்சடித்த தேதி போல என்று விட்டுவிட்டேன். அப்பா அவர் பக்கத்துப் பெயர்களைச் சரிபார்த்தார். அம்மா அவள் பக்கத்தை. “போட்டுடு” என்றார்கள்.

முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு வைப்பது வழக்கம். ரோட்டில் மறியல் என்பதால் முதலில் போனிலாவது போகட்டும் என்று அன்று காலையே அனுப்பினேன். மறியல் மாமாவை நிறுத்தவில்லை என்பது அன்று மதியம்தான் தெரிந்தது.

“கல்யாணச் சீருன்னதும் மறியல்காரங்களே வழி வுட்டாங்க. பொண்ணு நல்லா இருக்கட்டும்னு வாழ்த்தி அனுப்பினாங்க. திரும்பிப் போகசொல்ல அவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்வேன்?”

“ஒரு போன் போட்டிருக்கலாமேண்ணா” என்றாள் அம்மா.

“எந்தத் தாய்மாமன் போன் போட்டு, கல்யாணம் என்னைக்குன்னு கேப்பான்? என்னை வுட்டுட்டு நாள மாத்திட்டீங்கன்னு இல்ல நெனச்சேன்!”

லேப்டாப்பைக் கொண்டுவரச் சொன்னார். திறந்து காட்டினேன். “நாம தேதி குடுக்கலன்னா, அன்னைக்கு இன்னா தேதியோ அதை அதுவே போட்டுக்கும் மாமா. கட்டுரைக்கான ஏற்பாடு அது.”

“நாளைக்கு அச்சடிச்சா?”

“நாளைத் தேதி வரும்.”

“அப்ப இவளுக்குத் தெனமும் கல்யாணமா?”

என் போன் அடித்தது. ஓசூரில் வேலையில் இருந்த மாப்பிள்ளை. தயங்கித் தயங்கிப் பேசினார். “இன்னைக்கு எனக்குக் கல்யாணம்னு குரூப்ல வந்துச்சுங்க. லீவு சொல்லணுமா?” (அக்காவுக்குக் குழந்தை பிறந்த பிறகும் அவர் என்னைப் பார்த்தால் முதலில் கேட்பது, “இன்னைக்கு எனக்கு எதாவது இருக்குதா?”)

“குரூப்ல யார் போட்டது?” என்றார் அப்பா.

மாமா வேட்டி நுனியைப் பார்த்தார். “சொந்தக்காரங்களுக்கு நாமதானே சொல்லணும்னு...”

மாமாவின் முகம் சிவந்தது. தட்டுகளை ஏற்றச் சொல்லி டிராக்டர்காரருக்குக் கை காட்டினார். வீட்டுக்கு வந்த சீர் திரும்பிப் போனால் தையில் அவர் எங்கள் வாசலை மிதிக்க மாட்டார். தாய்மாமன் இல்லாமல் அக்கா எப்படி மணையில் உட்காருவாள்? அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் இரண்டு கையாலும் லேப்டாப்பை மூடினேன்.

அப்போது தெரு முனையில் ஒரு வேன் திரும்பியது. பின்னாலேயே இரண்டு ஆட்டோ. பட்டுப்புடவைகள், மல்லிகைப்பூ, கையில் மொய்க்கவர். எல்லாம் மாமா அனுப்பியதைப் பார்த்து வந்த மாமாவின் ஆட்கள்.

மாமா ஒரு நொடி அவர்களைப் பார்த்தார். டிராக்டரில் ஏறிய தட்டிலிருந்து சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றார். “வாங்க, வாங்க!” என்று முதல் ஆளின் கையில் சந்தனத்தைத் தடவியபடி, திரும்பாமலே உள்ளே அம்மாவுக்குக் குரல் கொடுத்தார்: “பாப்பா, பெரிய குண்டான்ல உல வையி!”