ஐம்பத்தெட்டு அவர்களே

“அம்மா, பேரெல்லாம் சொல்லி முடிச்ச பிறகுதான் பேச்சா, இல்ல பேருதான் பேச்சா?”

போன பொங்கல் விளையாட்டு விழாவில் மேடையில் பெயர்கள் நீண்டுகொண்டே போக, ஏழு வயது மகள் செம்மொழி இப்படிக் கேட்டபோது வானதி சிரித்தாள். இன்று அதே கேள்வி நினைவுக்கு வந்தபோது சிரிப்பு வரவில்லை.

வானதி பள்ளி ஆசிரியை. ஆலங்கரை உழவர் சங்கத் தலைவர் வீரையன் அவளுக்குப் பெரியப்பா. வயலில் நின்று அவர் கூப்பிட்டால் அடுத்த ஊருக்குக் கேட்கும். மைக்கைக் கண்டால் மட்டும் நா ஒட்டிக்கொள்ளும். அதனால் அவருடைய பேச்சையெல்லாம் எழுதித் தருவது அவள்தான்.

ஆலங்கரை வாய்க்காலின் கடைசி ஊர். மேலே மதகு ஷட்டர் துருப்பிடித்துப் பாதியில் நின்றுவிட்டது; வாயில் ஆகாயத்தாமரை வேறு அடைத்துக்கொண்டிருந்தது. சம்பா நாற்றங்காலில் வெடிப்பு விழுந்தாயிற்று. நாலு நாளில் தண்ணீர் வராவிட்டால் நாற்று கருகிவிடும். புதிதாக மாற்றலாகி வந்திருந்த பொறியாளர் சூர்யபிரகாஷை ஊரில் யாரும் பார்த்ததில்லை. அவர் சங்க ஆண்டு விழாவுக்கு வர ஒப்புக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்க வேண்டியதை வானதி ஒரே பக்கத்தில் எழுதியிருந்தாள்.

“‘மதகின் சக்கரத்தைத் திருப்பும் கைகளை இந்த ஊர் கும்பிடுகிறது’ன்னு எழுதியிருக்கியே. இன்ஜினியர் எங்கம்மா சக்கரம் திருப்பப் போறாரு?”

“மேடைப் பேச்சுல அப்படித்தான் பெரியப்பா சொல்லணும்.”

“சரி, முதல்ல சொல்ற பேருங்க அஞ்சுதானே இருக்கு? பேங்க் மேனேஜரைக் காணோமே.”

அங்கேதான் வினை தொடங்கியது. மேனேஜரைச் சேர்த்ததும், தன் பெயர் அவருக்குக் கீழே இருக்கிறதென்று கோயில் தர்மகர்த்தா முகத்தைத் தூக்கிக்கொண்டார். யாருக்கும் மனக்குறை வேண்டாமென்று வானதி பட்டியலை அகர வரிசையில் மாற்றினாள். தலைவரின் சம்பந்தி வெங்கடகிருஷ்ணன் அடியில் போய் விழுந்தார். உடனே வயது வரிசைக்கு மாற்றினாள்.

“என் வயச மைக்குல சொல்லப் போறியா?” என்று வந்து நின்றார் மகளிர் குழுத் தலைவி ஷைலஜா.

“வயசு சொல்லலக்கா, வரிசை மட்டும்தான்.”

“வரிசையைக் கேட்டா ஊருக்குக் கணக்குப் போடத் தெரியாதா?”

கடைசியில் எல்லோரையும் சேர்த்துவிடுவது என்று முடிவாயிற்று. “அக்கா, மைக் செட் பேரையும் ஓரமாப் போட்டுக்குங்க” என்றார் மைக் செட்காரர் ஃபஹத். பெயர்கள் ஐம்பத்தெட்டு ஆகி, மூன்று தாள் நிறைந்தன. பேச்சு நாலாவது தாளுக்குப் போனது. வானதி பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் வேண்டிக்கொண்டாள்.

விழாவன்று காலை பத்து மணிக்கு வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மொபெட்டில் வந்து இறங்கினார்.

“ஆபீஸ்லேருந்து வர்றேங்க…” என்று அவர் ஆரம்பிக்கும்போதே மேளம் முழங்கியது.

“ஜீப்புகூட வேணாம்னுட்டாரு பாருய்யா” என்று உருகினார் வீரையன்.

“இல்லீங்க, நான் என்ன சொல்ல வந்தேன்னா…”

“எல்லாம் மேடையில சொல்லலாம், வாங்கய்யா.” அவர் தோளில் பொன்னாடை விழுந்தது.

மேடையில் அவர் இரண்டு முறை எழுந்து வாயைத் திறந்தார். முதல் முறை ஃபஹத் ஓடிவந்து சோடா கொடுத்தார். இரண்டாம் முறை இன்னொரு பொன்னாடை போர்த்தினார்கள். டீ கொடுக்கப் போன வானதி, அவர் உள்ளங்கையெல்லாம் கறுப்பு கிரீஸாக இருப்பதைப் பார்த்தாள். ஓரமாக அழைத்துப் போய்ச் செம்பில் தண்ணீர் எடுத்து அவர் கையில் ஊற்றினாள்.

“எனக்கு யாரும் இப்படி ஊத்துனதில்லம்மா” என்றார் அவர். எவ்வளவு எளிமையான அதிகாரி என்று நினைத்துக்கொண்டாள்.

வீரையன் மைக்கைப் பிடித்தார். “பொறியாளர் சூர்யபிரகாஷ் அவர்களே” என்றதும் அந்த மனிதர் பதறி எழுந்து கையை ஆட்டினார். ‘என்ன தன்னடக்கம்’ என்று கூட்டம் கைதட்டியது. அதற்குப் பிறகு ஐம்பத்தேழு அவர்களே. பதினெட்டு நிமிடம். கடைசிப் பெயர் முடிந்ததும், தப்பித்தோம் என்று ஜனங்கள் இடைவிடாமல் கைதட்டினார்கள். கைதட்டல் வந்துவிட்டதால் பேச்சு முடிந்ததென்று நினைத்த வீரையன், கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார்.

“நல்லாப் பேசினேனாம்மா?”

“பெரியப்பா, நீங்க இன்னும் பேசவே இல்ல.”

நாலாவது தாள் அவர் மடியில் கிடந்தது. அதற்குள் விருந்தினர் மொபெட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார். வானதி தாளை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

“ஐயா, நாங்க சொல்ல வேண்டியது எல்லாம் இதுலதான் இருக்கு. கொஞ்சம் படிச்சுப் பாருங்க.”

அவர் நின்றபடியே, உதடு அசைய, எழுத்துக் கூட்டிப் படித்தார். ஓர் இடத்தில் நிறுத்தித் தன் கையைப் பார்த்துக்கொண்டார்.

“இது யாருக்கு எழுதினதும்மா?”

“உங்களுக்குத்தாங்கய்யா.”

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மொபெட்டைக் கிளப்பிப் போனார்.

மூன்றாம் நாள் விடியும்போது ஆலங்கரை வாய்க்காலில் தண்ணீர் சலசலத்தது. ஊரே மதகுக்கு ஓடியது. ஷட்டர் முழுதாக ஏறியிருந்தது. சக்கரத்தில் புது கிரீஸ் மினுங்கியது. கரை நெடுக ஆகாயத்தாமரை ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. செய்தவர் யாரென்று பார்த்தவர் ஒருவரும் இல்லை.

“பாத்தியா, என் பேச்சு வேலை செஞ்சிருச்சு” என்றார் வீரையன்.

பத்து மணிக்கு, பொறியாளருக்கு நன்றி சொல்ல அவள் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எழுத்தர் பிரகதாம்பாள்தான் எடுத்தார்.

“எங்க ஐயாவுக்கா நன்றி? அன்னிக்கு அவர் தஞ்சாவூர் மீட்டிங்குக்குப் போயிட்டாரேம்மா. வர முடியலன்னு சொல்லிட்டு வரத்தான் ஷட்டர் திறக்கிற புது லஸ்கர் காதர் மைதீனை அனுப்பினோம். அவர் சொல்லலையா? கேக்கலாம்னா அவரும் ரெண்டு நாளா லீவு. உங்க மேடையில ரொம்ப நேரம் உட்கார்ந்ததுல இடுப்பு பிடிச்சுக்கிச்சாம்.”